இரண்டு தரம் உப்பிட்ட கஞ்சி

ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சலை றாஹிலா வென்றாள். அது இழுத்துவிட்ட இடது காலோடு தறி மிதிக்க முடியாது என்று மருதமுனையில் சொல்லாதவர் இல்லை. மிதித்தாள், ஆண்கள் உடுத்தும் சாரங்களைக் கடைக்காரர் கேட்டு வாங்கிப் போகும்படி நெய்தாள். சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த காலையில் தறியும் வீடும் போக, வேப்பமரமொன்றைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பினாள். புருஷன் விட்டுப்போன பிறகு யாரிடமும் கையேந்தாமல் அதே வளவில் கல்வீடு எழுப்பினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம்கூட ஒழுங்காக இருந்திராதவள், நாற்பத்தாறு வயதில் தமிழ் வாசித்தாள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, இங்கிலீசையும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குக் காரணம் கூடப்பிறந்த ராத்தாவின் மகள் நஸ்லின். இங்கிலீசு ரீச்சராவதற்குப் படிக்கிற பிள்ளை, லீவில் வந்தால் சாச்சி றாஹிலாவின் குசினியை விட்டு நகரமாட்டாள். ஒரு நாள், ஒன்றில் மனம் மூழ்கிப்போவதற்கு அந்த மொழியில் எத்தனை சொற்கள் என்று பேச்சு வந்தது. துணி தண்ணீரை இழுப்பதுபோல ஒரு காரியம் ஆளை இழுத்துக்கொண்டால் ‘அப்சோர்ப்ட்’. மந்திரம் போட்டுக் கட்டினாற்போல் இருந்தால் ‘ஸ்பெல்பவுண்ட்’. சந்தோசத்தில் ஆளையே தூக்கிக்கொண்டு போனால் ‘ராப்ட்’. ‘என்த்ரோல்ட்’ என்பது முன்னொரு காலத்தில் அடிமையானவனைச் சொன்னதாம்.

றாஹிலா மலைத்துப்போனாள். தறியில் இருந்த நாட்களில், சாரத்தின் கரை பிசகாமல் விழுந்துகொண்டு வரும்போது அவளுக்குப் பசி தெரியாது, கால் நோ தெரியாது. அதைச் சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இருந்ததில்லை. இப்போது ஒரேயடியாக இத்தனை. இதில் எது தன்னுடையது என்று பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. நஸ்லின் விட்டுப்போன அகராதியை அடுப்படியிலும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள்.

நோன்பு வந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். றாஹிலா வீட்டு நாள், மௌத்தாகி மண்ணுக்குப் போன வாப்பாவின் பேரில். நோன்போடு சமைப்பதால் யாரும் கஞ்சியை நாவில் வைத்துப் பார்ப்பதில்லை. அதனால் எந்த வீட்டுக் கஞ்சிக் கிடாரமானாலும் உப்புப் போடுவது அடுத்த வீட்டு ஹவ்வா உம்மாவின் கைதான். அந்தக் கைக்கு அளவு தப்பியதே இல்லை.

அன்றும் ஹவ்வா உம்மா வந்தார், போட்டார், போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு பின்னேர அஸர் தொழுகைக்குப் போனார். றாஹிலா “ஓம்” என்றாள். கண் அகராதியில் இருந்தது. தறிக்கு எந்தச் சொல், ‘ராப்ட்’டா ‘என்த்ரோல்ட்’டா என்று அவள் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தியபோது கஞ்சி கொதித்தது, ஹவ்வா உம்மாவைக் காணவில்லை. மனுசி மறந்துவிட்டார் என்று எண்ணி, தானே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

நோன்பு திறந்து முதல் மிடறு உள்ளே போனதும் அவளுக்கு எல்லாம் விளங்கியது. “உப்புப் போட்டுட்டன் மகள்” என்ற ஹவ்வா உம்மாவின் குரலை அப்போதுதான் அவள் காது கேட்டது. பள்ளியிலும் கஞ்சியை வாயில் வைத்தவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்களாம்.

விடிந்ததும் தெரு பேசியது. ஹவ்வா உம்மா கடலை அள்ளி ஊற்றிவிட்டார் என்று பெடியன்கள் பகிடி பண்ணினார்கள். வயசு போனால் அப்படித்தான் என்று பெரியவர்கள் இரக்கப்பட்டார்கள். றாஹிலா வாய் திறக்கவில்லை. திறந்தால், கிழட்டு வயதில் இங்கிலீசு எதற்கு என்று கேட்பார்கள். பழி நஸ்லினுக்கும் போகும். அகராதியை அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். வாப்பாவின் பேரில் கொடுத்ததைக் கெடுத்தது ஒரு குற்றம். அதை இன்னொருத்தியின் தலையில் கிடக்க விட்டது அதைவிடப் பெரிதாக இருந்தது. தொழுகையில்கூட மனம் நிற்கவில்லை.

சில நாள் பொறுத்து, எதையோ சாட்டாக வைத்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே ஹவ்வா உம்மாவின் கையிலிருந்த உப்புப் பேணியை அவர் மகள் மெதுவாக வாங்கி மேல்தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு தரம் போட்டனா எண்டு எனக்கே விளங்குதில்ல மகள்” என்றார் ஹவ்வா உம்மா றாஹிலாவிடம். “மண்டை கலங்கிட்டுப் போல.”

றாஹிலா அவர் முன்னால் வந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

“நீங்க ஒருக்காத்தான் போட்டீங்க மாமி. மத்தது நான். நீங்க சொன்னது காதில விழல்ல. இங்கிலீசுப் புத்தகத்துக்குள்ள கிடந்தன்.”

ஹவ்வா உம்மா அவள் பக்கம் குனிந்தார்.

“அப்பிடி என்னகா அதுக்குள்ள?”

“மனிசர் தன்னை மறக்கிறதுக்கு உள்ள சொல்லுகள்.”

“நீ உன்ன மறந்தாய், சரி. என்னையெல்லோ பைத்தியமாக்கிட்டாய்.” பேணியை மகளைக் கொண்டு மேல்தட்டிலிருந்து திருப்பி எடுப்பித்து மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கு மட்டும் சொல்லி என்ன, மரைக்கார்ட்ட போய்ச் சொல்லு.”

பள்ளிக் காரியங்களைப் பார்க்கும் சீனிமுகம்மது மரைக்கார் வீட்டுக்கு அவள் அப்படியே நடந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உப்புக் கூடினதால் யாருடைய நோன்பும் முறியவில்லை என்றார் அவர். ஆனால் அந்த மனுசியைப் பேசின பேச்சுக்குத் தெருவே பதில் சொல்ல வேண்டும் என்று முகத்தைத் தடவிக்கொண்டார். கஞ்சி காய்ச்ச இன்னொரு நாள் தாருங்கள் என்று அவள் கேட்டாள். மக்காவுக்கு உம்றா போன ஒரு வீட்டாரின் நாள் மிச்சமிருந்தது.

“வாப்பாட பேரிலயா?”

“இல்ல, பிழை என்ட. என்ட பேரில போடுங்க. உப்பு ஹவ்வா உம்மாட கை எண்டும் பள்ளியில சொல்லுங்க.”

முறைத்தாளையும் மைப்பெட்டியையும் அவர் வழக்கம்போல் முன்னே நகர்த்தினார். எழுத்துத் தெரிந்த பிறகும் வெட்கத்தில் அவள் பெருவிரலைத்தான் நீட்டி வந்திருந்தாள். இன்று, செய்த பிழைக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டும் என்று பேனையைக் கேட்டாள். ஒவ்வோர் எழுத்தாக வைத்தாள். ‘லா’வுக்கு வந்தபோதுதான் மரைக்கார் எதையோ சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்றைய உப்பு நினைவுக்கு வந்தது. பேனையை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“காதில விழல்ல மரைக்கார். சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க.”

எத்தனையாவது நோன்பு, எத்தனை மணிக்குக் கிடாரம் வரவேண்டும் என்பதை அவர் திரும்பச் சொன்னார். அவள் அதை வாய்விட்டு ஒப்புவித்த பிறகே மிச்ச எழுத்தை முடித்தாள்.

றாஹிலா தன் பெயரை முதன்முதலாகக் கையொப்பமாக இட்டது 2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை.