யாளி கழுத்தில் ஏலக்காய் மாலை

சிமெண்டு வாங்கக் கம்பத்துக்கு இறங்கிப் போய்விட்டு மறுநாள் காலை மலையேறி வந்தால், நான் பூசி வைத்திருந்த யாளிச் சிலையின் நெஞ்சு பிளந்து கிடந்தது. கழுத்தைச் சுற்றி மார்பு வரை வளைந்து இறங்கிய விரிசல். அந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தை முக்கில் நடந்தது இது. ஊருக்கு அடையாளமாக ஒரு சிலை வைக்க முடிவு செய்தார்கள். கீழேயிருந்து வந்த வியாபாரிகள் சிங்கம் கேட்டார்கள். தோட்டத்து ஆட்கள் யானை கேட்டார்கள். சண்டை முற்றியதால் இரண்டையும் சேர்த்து யாளி என்று ஆயிற்று. சிங்க முகம், அதில் துதிக்கை. என் மேஸ்திரி முதன்முறையாக என்னைத் தனியாக அனுப்பிய வேலை. கெட்டுப்போனால் மறுபடி கலவை குழைக்கப் போக வேண்டியதுதான்.

பூச்சு முடித்து, ஈரச் சாக்கு சுற்றி, ஞானமுத்து அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். பக்கத்து ஏலக்காய் ஸ்டோரில் தீ போட்டுக் காய் உலர்த்துகிறவர் அவர். இப்போது சாக்கைக் காணோம். யாளியைச் சுற்றிச் சட்டிகளில் கரி கனன்றுகொண்டிருந்தது.

“யாருண்ணே இதைச் செஞ்சது?”

“நான்தான் தம்பி. சாக்கெல்லாம் ஒரே ஈரம். இந்தப் பனியில பூசணம் பிடிச்சிருமேன்னு தீ மூட்டுனேன். காயா இருந்தா இந்நேரம் கலகலன்னு காஞ்சிருக்கும்.”

“இது காயி இல்லண்ணே, சிமெண்டு. ஈரத்துலதான் இறுகும். என் பொழப்பையே வறுத்து வச்சிருக்கீங்க.”

அதோடு விட்டேனா? வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவர் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் அவர் மனைவி ரோசம்மா வந்தார். கையில் பச்சை ஏலக்காய் மாலை. சர்ச் திருநாளில் மாதாவுக்குப் போடக் கோத்து வைத்திருந்தது. சாரத்தில் ஏறி அதை யாளியின் கழுத்தில் போட்டார்.

“விழா முடியிற வரைக்கும் மறைச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். மாதாகிட்ட சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரரு காலையிலருந்து சோறு திங்கல, தம்பி.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மாலையைப் பார்த்தேன், விரிசலின் மேல் அச்சாகப் படிந்திருந்தது. அதைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். விரிசலைக் கொத்தி அகலப்படுத்தி, புதுக் கலவை அடைத்து, அதன்மேல் சிமெண்டிலேயே காய் காயாக ஒரு மாலை வைத்தேன். இந்த முறையும் ஈரச் சாக்குக்குக் காவல் ஞானமுத்து அண்ணன்தான். நான் போதும் என்றாலும் விடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

பல வருடம் கழித்து அங்கே போனபோது, ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: சிங்கம் வீரம், யானை பலம், மாலை இந்த மலையின் செழிப்பு. பக்கத்தில் நின்ற ஞானமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டே என் காதோரம் சொன்னார்:

“அன்னிக்கு நான் தீ போடலன்னா செழிப்புக்கு எங்க போயிருப்பாங்க?”

அவர் இப்போது இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் மனசு கனத்துப் போகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பூச்சு வெடித்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கெடுத்த ஆளை முதலில் சாப்பிட அனுப்புங்கள். விரிசலைப் பிறகு பார்க்கலாம்.