ரென்ஸ்கே அக்காவின் சைக்கிள் சீட்டு

என் அக்கா ரென்ஸ்கே யாரையும் நம்ப மாட்டாள். சைக்கிளோடு ஊர் சுற்றக் கிளம்பினால், ரயிலில் உட்காராமல் வண்டியைப் பிடித்தபடி கதவருகிலேயே நிற்பாள். தெர்ஸ்கெல்லிங் தீவுக்குப் போகும் கப்பலில் அந்தப் பாச்சா பலிக்காது. சைக்கிளைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு மேலே ஏறியாக வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் இரண்டு பூட்டுப் போடுவோம். அவள் அதோடு நிற்காமல் சீட்டையும் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"நடுக்கடல்ல எவன்க்கா திருடுவான்? தண்ணி மேல ஓட்டிட்டுப் போவானா?"

"நீ இப்படி நினைக்கணும்னுதான்டி அவன் காத்துக்கிட்டிருக்கான்."

மேலே பட்டாணி சூப் குடித்தோம். கரை வந்ததும் அவள்தான் முதலில் கீழே ஓடினாள். சைக்கிள் வைத்த இடத்திலேயே இருந்தது. சீட்டைத்தான் காணோம்.

"பாத்தியா! அடிச்சுட்டானுங்க!" என்று கத்தினாள். எனக்கு அவள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் கப்பல் ஊழியர் ஒருவர் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தார். "சூப் குடிச்ச மேசையிலயே விட்டுட்டீங்கம்மா" என்று சீட்டை நீட்டினார்.

அக்கா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை. அவர் போனதும் என் காதில் கிசுகிசுத்தாள்:

"சீட்டை எதுக்குடி திருப்பிக் குடுக்கறான்? முழு வண்டி மேல கண்ணு வச்சிருக்கான்."