ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே

ராஜகோபாலனுக்கு முப்பத்து நான்கு வயது. தி. நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிப்பான். வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்குத் தங்கைதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் அப்படிச் சொன்னதில்லை. அதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க அவனுக்கு நேரமும் இருந்ததில்லை.

தங்கை ஸஹானாவுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு வரவில்லை. அறிவு வளர்ச்சி ஐந்து வயதோடு நின்றது. உடம்பு நிற்காமல் அறுபத்தெட்டு கிலோவுக்கு வளர்ந்திருந்தது. வாசற்படியில் அவள் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஆளில்லை. கையைப் பிடித்து இழுத்தால் அவள் தோள்மூட்டு விலகும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தூக்குகிறவர் இடுப்பு போகும். அம்மா ஜெயலக்ஷ்மியின் இடுப்பு அப்படித்தான் போயிற்று. இனிமேல் பகலெல்லாம் மகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள அம்மாவால் ஆகாது.

1996 ஜூனில் அடையாறில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஸஹானாவுக்கு இடம் கிடைத்தது. காகிதப் பை ஒட்டும் வேலை, மத்தியானச் சாப்பாடு, காலை எட்டு நாற்பதுக்குச் சந்துமுனையில் வேன். இரண்டு வாரத்துக்குள் வர ஆரம்பிக்காவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதைக் குறை சொல்ல முடியாது. வரிசையில் நாற்பது குடும்பங்கள் காத்திருந்தன.

ஸஹானாவை எழுந்து நடக்கவைக்கும் விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. தொலைக்காட்சியில் ஞாயிறு காலை ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் வந்துகொண்டிருந்தது. படகில் தீவு தீவாகப் போய்க் கடிதம் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. பேசுவது இந்தியில், வீட்டில் யாருக்கும் புரியாது. வாராவாரம் அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடப்பாள். அப்போது பேச்சே இருக்காது. முக்கால் நிமிஷம் ஒரு மெட்டு மட்டும் வரும். ஒருநாள் ஸஹானாவும் அந்த மெட்டுக்குத் தன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த ஞாயிறே ராஜகோபாலன் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரைத் தொலைக்காட்சியின் ஸ்பீக்கர் அருகே பிடித்து அந்த மெட்டைப் பதிந்துகொண்டான். கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் தொலைக்காட்சி. அதனால் பழைய பேட்டரியிலேயே பதிந்தான். அதன் பிறகு இரண்டு வருஷம் டாக்டரிடம் போகவும், முடி வெட்டிக்கொள்ளவும், கோயிலுக்குப் போகவும் கேஸட்டைப் போட்டால் போதும். மெட்டு முடிவதற்குள் செருப்பு மாட்டியாகிவிடும். நடக்க ஆரம்பித்துவிட்டால் அவள் நிற்கமாட்டாள்.

தொடர் முடிந்துபோனது. வேன் வரவேண்டிய திங்களுக்கு முதல் சனிக்கிழமை டேப் ரிக்கார்டர் கேஸட்டை மென்றுவிட்டது. நாடா இடியாப்பம்போல வெளியே வந்தது. அந்த இசையை எந்தக் கடையிலும் விற்கவில்லை.

"வாசிச்சுட்டாப் போச்சு. ஆயிரம் தடவை கேட்டிருக்கேனே" என்றான் ராஜகோபாலன்.

ஞாயிறு முழுக்கக் கீபோர்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிந்தான். வயலின் ஒலி சேர்த்தான், புல்லாங்குழல் சேர்த்தான், கடைசியில் கொஞ்சம் தபலாவும் சேர்த்தான். திங்கள் காலை ஸஹானா டேப் ரிக்கார்டரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

வேனில் வரும் ஆயா ஹாஜிரா பீ சந்துக்குள் நடந்தே வந்தாள். "இன்னா நைனா, பொண்ணு குந்திக்கினு கீது?"

"புது கேஸட்டும்மா. இன்னும் பழகலை."

"பழகட்டும். ஆனா டிரைவரு மூணு நிமிசம்தான் நிப்பாரு. இஸ்துக்கினு போற வேலைலாம் நம்மகிட்ட கெடியாது, சொல்லிட்டேன்."

தபலாவை எடுத்துவிட்டான். வயலினையும் எடுத்துவிட்டான். கார்ட்டூனில் இருந்ததுபோலக் குழலும் சின்ன மணியும் மட்டும் வைத்து வாசித்தான். ஸஹானா உட்கார்ந்தாள். அப்படியே ஒரு வாரம் போயிற்று. இரண்டாம் வாரம் புதன்கிழமை அவன் லீவு போட்டான். இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம்.

பக்கத்துத் தெருவிலிருந்து அம்மாவின் அண்ணா வேதாந்தம் வந்தார். வீணை வாத்தியார். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, "வாசி பார்ப்போம்" என்றார். ராஜகோபாலன் வாசிக்க, உள்ளே ஸஹானா அதே மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அவள் அதைத்தான் முனகுவாள்.

"முதல்ல அவளை நிறுத்தச் சொல்லு. காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தறா மாதிரி இருக்கு. இந்தக் குடும்பத்துல பொறந்துட்டு இப்படி ஒரு அபஸ்வரம்!"

ராஜகோபாலன் அவளை நிறுத்தவில்லை; வாசிப்பதை நிறுத்தினான். அவள் முனகலோடு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தான். அவள் சுருதி ஐந்து கட்டைக்கு மேலே இருந்தது, அடுத்த கட்டையான ஐந்தரையை எட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தான். அதே இடம்.

"மாமா, சுருதி இல்லாதவா அங்கயும் இங்கயும் அலைவா இல்லையா? இவ அசையவே இல்லை."

வேதாந்தம் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் வீணையை எடுத்துவந்து, ஒரு தந்தியை அவள் முனகலுக்குச் சேர்த்து வைத்தார். மதியம் அவள் சாப்பிட்டு எழுந்து மறுபடி முனகியபோது தந்தியை மீட்டினார். இம்மி பிசகவில்லை.

"நகரவே மாட்டேங்கறாளேடா!"

ராஜகோபாலன் மென்றுபோன நாடாவைத் தேடி எடுத்தான். கசங்காத ஒரு துண்டை ஒட்டி ஓடவிட்டபோது நான்கு விநாடி கேட்டது. ஸஹானா முனகிய அதே இடத்தில் கேட்டது.

அப்போதுதான் புரிந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பதிந்த நாடா மெதுவாக ஊர்ந்திருக்கிறது. கரண்டில் போட்டபோது வேகமாக ஓடி, மெட்டு கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. சங்கீத வீட்டுக் காதுகள் அதைத் தாமாகவே ஐந்து கட்டைக்கு இறக்கிக் கேட்டுப் பழகிவிட்டன. ஸஹானா மட்டும் இருந்ததை இருந்தபடி கேட்டிருந்தாள்.

வேதாந்தம் சுருதிப் பெட்டியை மூடினார். "என் ஆத்துல பாடம் நடக்கறச்சே இவ வந்து முனகினா, இத்தனை நாளா நான் கதவைச் சாத்திண்டிருந்தேன்."

"காப்பி ஆறிடும் மாமா, குடிங்கோ. எனக்கு வேலை இருக்கு."

கீபோர்டின் பின்னால் சுருதியை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. அவள் முனகும் இடத்துக்கு அதைத் திருகி, வேகத்தையும் சற்றுக் கூட்டிப் பதிந்தான். இந்தத் தடவை டேப் ரிக்கார்டர் கரண்டில் ஓடியது.

வியாழன் காலை எட்டரைக்குக் கேஸட்டைப் போட்டான். நான்கு ஸ்வரம் போவதற்குள் ஸஹானா குனிந்து செருப்பைத் தேடினாள். இடதுகால், பிறகு வலதுகால். சந்து முழுக்க நடந்து, வேன் படிக்கு முன்னால் நின்றாள். ஹாஜிரா பீ அவளைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. நகர்ந்து உட்கார்ந்து ஜன்னலோர இடத்தைக் காட்டினாள். ஸஹானா ஏறினாள்.

"ஏறிக்கினா! போலாம் ரைட்!" என்று கத்தினாள் ஹாஜிரா பீ.

வேன் கிளம்பிப் போயிற்று. ஜெயலக்ஷ்மி வாசல் தூணைப் பிடித்தபடி நின்றாள். "எல்லாம் சரிடா. சாயங்காலம் வேன்லேர்ந்து இறங்கமாட்டேன்னு உட்கார்ந்துண்டா என்ன பண்றது?"

ராஜகோபாலன் யோசித்தான். தொடரில் அந்தப் பெண் படகிலிருந்து இறங்கி வீடு திரும்புவாள். அதற்கும் ஒரு மெட்டு இருந்தது, தாழ்வாக ஆரம்பித்து மெதுவாகப் போகும். அதை அவன் பதிந்ததே இல்லை. அரைநாள் லீவு சொல்ல எதிர் மளிகைக் கடைக்குப் போய் ஃபோன் செய்தான். வந்து கீபோர்டைத் திறந்து, முதல் ஸ்வரத்தைத் தேட ஆரம்பித்தான்.