பிஸ்கட் டின்னில் உமிக்கரி

மலேசியாவுல, எங்க கிள்ளான் வீட்டுல, பின்பக்க சிங்க் ஓரமாத்தான் அந்த டின்ன வச்சேன். வச்சது நான். மூடி மேல ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டாம விட்டதும் நான்தான். முதல்லயே சொல்லிடுறேன், வேற யாரையும் திட்ட வேணாம்.

அப்ப மாஸ்டர்ஸ் பண்ணிட்டிருந்தேன். பாத்தேக் துணிக்குச் சாயம் போட்டுட்டு ஊத்துற தண்ணியில இருந்து சாயத்தை எடுக்கிறதுதான் என் ஆராய்ச்சி. அரிசி ஆலையில சும்மா கெடக்கிற உமியைக் கரியாக்கி, காரம்ங்கிற அரிக்கிற ரசாயனத்தைக் கலந்து மறுபடி சுட்டா, கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க திறந்துக்கும். சாயம் அதுல போய் மாட்டிக்கும். முதல் தடவை கருநீலத் தண்ணி குழாய்த் தண்ணி மாதிரி தெளிஞ்சு இறங்கினப்ப நான் போட்ட கத்துல, பக்கத்து லேப்ல இருந்து ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. வீட்டுக்கு வந்தும் "உமிக்கரி, உமிக்கரி"ன்னு ஒரே பீத்தல்.

சுட்ட கரியில அந்தக் காரம் மிச்சம் இருக்கும். தோல்ல பட்டாலே பொத்துப் போயிடும். இருவது முப்பது தடவை அலசணும். லேப்ல குழாய்க்கு எப்பவும் அடிதடி. வீட்டுலயே அலசிக்கலாம் லான்னு பழைய பிஸ்கட் டின்ல போட்டுக் கொண்டாந்துட்டேன். பெரிய புத்திசாலி!

மறுநாள் காலையில அம்மா "ஐயையோ"ன்னு அலறினாங்க. ஓடிப் போய்ப் பாத்தா, அப்பா சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வாயெல்லாம் கருப்பு, நடுவுல ரத்தம். முப்பது வருஷம் லோரி ஓட்டின மனுஷன், எதுக்கும் அசராதவரு, பேச முடியாம கையை மட்டும் ஆட்டினாரு. விரல் நுனியில கரி. பக்கத்துல டின் திறந்து கெடக்கு. எனக்கு உசிரே போயிடுச்சு. அதுல பல்லு விளக்கியிருக்காரு!

வாயைக் கொப்பளிக்க வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினேன். "முழுங்கினாரா?"ன்னு டாக்டர் கேட்டாங்க. தெரியல. தொண்டை வெந்திருந்தா நெலம மோசம்னாங்க. குழாய் விட்டுப் பாத்துட்டு மத்தியானம் வந்து சொன்னாங்க: தொண்டை தப்பிச்சது, வாயும் நாக்கும்தான் வெந்துபோச்சு. அங்கேயே நாற்காலியில உக்காந்து ஓன்னு அழுதேன்.

நாலாவது நாள்தான் அவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்துச்சு. கஞ்சி ஊட்டப் போன எனக்கு அடக்கி வச்ச கோபமெல்லாம் பொங்கிடுச்சு. "ஏன்பா, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? கையில கெடச்சதை எடுத்து வாயில வச்சுக்குவீங்களா? நான் என்னாத்துக்கு ஆவுறது?"

அப்பா என்னையே பாத்தாரு. நாக்கு சரியாப் புரளல.

"சின்னப் புள்ளையில எஸ்டேட்ல உமிக்கரியிலதான் பல்லு விளக்குவேன்னு உங்கிட்ட ஒருவாட்டி சொன்னேன்ல. நீ எனக்காகத்தான் செஞ்சு கொண்டாந்திருக்கேன்னு நெனச்சுட்டேம்மா."

அவரு அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு வருஷமா கரி கரின்னு அலைஞ்சவ, அப்பாவுக்குன்னு ஒரு கோப்பிகூடக் கலந்து குடுத்ததில்ல. இல்லப்பா, உங்களுக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல. அடுத்த கரண்டி கஞ்சியை ஊதி ஊதி ஆத்தினேன்.