சிலிக்கான் தகட்டில் சாம்பல்

கஞ்சிக்கோட்டு ஆய்வுக்கூடத்தில் ரோசியின் கைக்குத் தனி மரியாதை. தேவிகுளம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை அது. இப்போது மைக்ராஸ்கோப்புக்கு அடியில், சிலிக்கான் தகட்டின் கோடுகளில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிறது. வெளிநாட்டில் அணுத்துகள்களை மோதவிட்டால், சிதறுவது எந்தக் கோட்டின் வழியே பாய்ந்தது என்று தகடு கண்ணிமைக்குமுன் சொல்லிவிடுமாம். முன்பெல்லாம் படம்பிடித்து மாதக்கணக்கில் தேடுவார்களாம். துகளுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரமோ!

1979 தை மாதம் தந்தி வந்தது. அம்மா செபமாலையம்மாளின் நிலை கவலைக்கிடம். பொறுப்பாளர் அர்த்தநாரி கையைப் பிசைந்தார்.

"பாதியில கை மாறுனா தகடு வீணாப் போயிரும் அம்மிணி. மாசி முடியறதுக்குள்ள அனுப்பலீன்னா அந்த வெளிநாட்டுக்காரங்க பொறுக்க மாட்டாங்க. ரெண்டே நாள் கழிச்சுப் போ."

வேலையை முடித்துவிட்டு, உடுமலை வழியாக பஸ் மாறி மாறி தேவிகுளம் போய்ச் சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில் மண் மூடியாகிவிட்டது. அழுகை வரவில்லை. மரத்துப்போய்த் திரும்பி வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று மாதா கோயிலில் சாமியார் அவள் நெற்றியில் சாம்பல் பூசினார். ஆய்வுக்கூட வாசலில் பூ, பவுடர், திருநீறு கூடாதென்று பலகை உண்டு. அர்த்தநாரியே தினமும் நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் நுழைவார். ரோசி துடைக்கவில்லை. அந்தச் சாம்பல் தானாக உதிர வேண்டும், கைவைத்து அழிக்கக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. இதையாவது கேட்போம் என்றிருந்தது அவளுக்கு. தொப்பியை இழுத்து மறைத்துக்கொண்டு, அனுப்புமுன் தகட்டைக் கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

மறுநாள் மின்சாரம் கொடுத்துச் சோதித்தார்கள். சும்மா இருக்க வேண்டிய கோடுகளெல்லாம் துகள் வந்ததாக ஓயாமல் பொய் சொல்லின. தகடு முழுக்கச் சாம்பல் துணுக்குகள். கழுவினால் கம்பிகள் அறுந்துவிடும்.

அர்த்தநாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ற திருநூறாத்தான் இருக்கும்."

"இல்ல சார், எங்க கோயில் சாம்பல். நான்தான் தொடைக்கல." வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னாள். பயம்கூட வரவில்லை.

அவர் நல்ல மனிதர். வந்த வினையே அதுதான். "ஆனைக்கும் அடி சறுக்கும், விடு அம்மிணி. இன்னொண்ணு பண்ணிக்கலாம். ஒரு மாசம் தவணை கேட்டா அவங்க குடுப்பாங்க."

ரோசி நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டா குடுப்பாங்களா சார்?"

"குடுக்காம எங்க போறாங்க?"

"அப்ப தந்தி வந்த அன்னைக்கே கேட்டிருந்தா, எங்கம்மா மொகத்தப் பாத்திருப்பேனே சார்."