சிமென்ட் வைத்துப் பூசிய வரிசை

எங்கள் தெருவில் குடம் என்றால் ஆள். இது தெரியாதவர்கள் எங்கள் தெருவை அழகுபடுத்த வந்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் மெயின் ரோட்டிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் தெரு எங்களுடையது. தண்ணி லாரி எப்போது வரும் என்று அந்த லாரிக்கே தெரியாது. வேலைக்குப் போகிறவள் அதற்காகத் தெருவிலேயே நின்றுகொண்டிருக்க முடியுமா? குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். குடம் நின்றால் அவள் நிற்கிறாள் என்று அர்த்தம். லாரி வந்ததும் வீட்டில் இருப்பவர்கள் பிடித்து வைப்பார்கள். எல்லாமே ஒரே கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடம் என்பதால் ஆளுக்கொரு அடையாளம் நெயில் பாலிஷில் வைத்திருப்போம். என்னுடையது சிவப்புப் புள்ளி. அடுத்தவள் புருஷனை நாலு வார்த்தை திட்டினால்கூட மறுநாள் மன்னிப்பு கிடைக்கும். அடுத்தவள் குடத்தை நகர்த்தினால் கிடைக்காது.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் ஒரே நிறத்தில் பனியன் போட்ட பையன்களும் பெண்களும் வந்து இறங்கினார்கள். ஏரியாவை மாற்றப் போகிறார்களாம். முதலில் எங்கள் குடியிருப்பின் பக்கச் சுவரில் மாடி உயரத்துக்கு ஒரு மீன்காரம்மாவை வரைந்தார்கள். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நிஜமாகவே மீன் விற்கும் எதிர்வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, “மீன் வித்து இம்மாஞ் சிரிப்பு எவுளுக்கும் வந்ததில்ல” என்றாள்.

அடுத்து அவர்கள் கண் குடங்கள்மேல் விழுந்தது. என்ன நிறம், என்ன ஒழுங்கு, இதுதான் உங்கள் அடையாளம் என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெண். தெருமுனையில் மேடை கட்டி, குடங்களை வரிசையாகச் சிமென்ட் வைத்துப் பதிப்பார்களாம். பக்கத்தில் ‘நம்ம ஏரியா’ என்று ஆள் உயர எழுத்து நிற்குமாம். வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தால் போதும் என்றாள். அவள் கலையைப் பற்றி வெகுநேரம் பேசினாள். நாங்கள் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. வரிசையைப் பூசி நிரந்தரமாக்கப் போகிறார்கள்.

அப்புறம் சும்மா இருப்போமா? யார் குடம் முதலில் என்று நடந்த சண்டையில் ஜடைகள் அவிழ்ந்தன. ஏற்றுமதி கம்பெனியில் தைக்கிற நான் அரை நாள் லீவு போட்டு வந்து, இடித்துத் தள்ளி இரண்டாவது இடத்தைப் பிடித்தேன். முதலிடம் மீன்கார அக்காவுக்குப் போனது. அவள் நாசமாய்ப் போக என்று மனதாரச் சபித்தேன். மக்கள் இவ்வளவு ஆர்வமாகக் கலந்துகொள்வதைப் பார்த்துக் கண்ணாடிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. என் ஒரே மகள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்; பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதானே முறை? ஆனால் அவள் மாமியார் பெரம்பூர்க்காரர். பெரம்பூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கம் என்றால் வெளிநாடு.

“தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. அங்க காத்தும் சரியில்ல, தண்ணியும் சரியில்லங்கறாங்க. வயித்துப் புள்ளக்காரிய எப்படி அனுப்பறது?” என்று போனில் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. என் மகளை இதே காற்றில்தான் வளர்த்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவளுக்குச் சின்ன வயதில் வந்த இளைப்பு ஞாபகத்துக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டேன். “இப்ப எல்லாம் மாறிப்போச்சுங்க. நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவள் வந்து என் எதிரே உட்கார வேண்டும், நான் அவள் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும். அந்த ஆசையில் பொய் சொன்னேன்.

சம்பந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னது தெருவுக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கென்று காற்று மேற்கிலிருந்து திரும்பி, எண்ணெய் ஆலைகளின் கேஸ் நாற்றத்தைக் கொண்டுவந்து கொட்டியது. தெருக்காரிகள் விடுவார்களா? வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட்டார்கள். புகையில் எதிரே வந்த ஆள் தெரியவில்லை. சம்பந்தி இருமிக்கொண்டே, “என்னங்க, எல்லார் வீட்லயும் விசேஷமா?” என்று கேட்டார்.

அவர் வந்த ஆட்டோ தெருவுக்குள் நுழைய முடியவில்லை. குடமேடைக்கு முன்னால் வண்டி எதுவும் நிற்கக் கூடாது என்று திறப்புவிழாவுக்கு முன்பே தெருவாயில் இரும்புக் கம்பங்கள் நட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணி லாரியும் உள்ளே வருவதில்லை. வரிசை தெருவில் இருந்தது, தண்ணீர் மெயின் ரோட்டில் இருந்தது. நாங்கள் வேறு குடங்களைத் தூக்கிக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்ப் பிடித்தோம். அங்கேயும் மேடையில் பதித்த வரிசைதான் சட்டம். தகராறு வந்தால் இரண்டு பேரும் மேடைவரை ஓடிவந்து, யார் குடம் முன்னால் என்று பார்த்துவிட்டு, மறுபடி ஓடுவார்கள். அதற்குள் லாரி காலியாகிவிடும்.

இதெல்லாம் சம்பந்திக்குத் தெரியாது. அவர் சுவரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. “மாறித்தாங்க இருக்கு. ஒரு போட்டோ எடுங்களேன்” என்று சொல்லி, ஒரு குடத்தின் கழுத்தில் கையைப் போட்டு இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அது சிவப்புப் புள்ளி வைத்த என் குடம். நான் போனை நிமிர்த்துவதற்குள் குடம் அவர் இடுப்போடு வந்துவிட்டது. அடியில் இருந்த சிமென்ட் புட்டு மாதிரி உதிர்ந்தது.

மீன்கார அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இன்னாம்மா இப்டி பண்ட்ட? புள்ளத்தாச்சி வூட்டு கொடத்தப் பேத்துட்டியே.”

சம்பந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதோ பெரிய தோஷம் என்று நினைத்துக்கொண்டார். “தெரியாமப் பண்ணிட்டேம்மா. இதுக்குப் பரிகாரம் ஏதாவது கீதா?” என்றார். பயத்தில் அவர் வாயிலேயே எங்கள் தெருப் பேச்சின் ‘கீதா’ வந்துவிட்டது.

“பொண்ண இங்க அனுப்பிடு. புள்ளத்தாச்சி தெருவுல கீறான்னா வரிசையே கெடையாது. மொத கொடம் அவுளுக்குத்தான்” என்றாள் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் காலகாலமாக அப்படித்தான். ஆனால் அவள் சொன்ன தோரணையில் அது சாமி வாக்கு மாதிரி இருந்தது. சம்பந்தி குடத்தை இறக்கிவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த வாரமே அனுப்புகிறேன் என்றார். அக்காவுக்கு விட்ட சாபத்தையெல்லாம் அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மகள் வந்தாள். எண்ணெய் வைத்தேன். மெயின் ரோட்டில் முதல் குடம் எங்களுக்கே கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மத்தியானம் அவளுக்கு, குறித்த நாளுக்கு முன்பே, வலி வந்தது. வலியோடு ரத்தமும் போக ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் எப்படியோ கன்டெய்னர் லாரிகளைத் தாண்டித் தெருவாய்க்கு வந்து, கம்பங்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. என் வீடு தெருக்கோடியில் இருக்கிறது. ஆம்புலன்ஸிலிருந்து ஓடிவந்த பெண் மகளைப் பார்த்துவிட்டு, “அவ்ளோ தூரம் தூக்கிட்டுப் போக வேணாம், ரத்தம் அதிகமாயிடும். வண்டி வாசலுக்கு வரணும்” என்றாள். மாறிப்போச்சு என்று நான் சொன்ன பொய்தான் என் மகளை இங்கே கொண்டுவந்து கிடத்தியிருந்தது. கம்பத்தை வெட்ட மிஷின் கொண்டுவா என்று யாரோ கத்தினார்கள்.

மீன்கார அக்காவுக்குத்தான் என் குடம் ஞாபகம் வந்தது. “டேய், கொடத்த நட்டவந்தாண்டா கம்பத்தையும் நட்டான். ஆட்டிப் பாருங்க” என்றாள்.

ஆட்டினார்கள். முதல் கம்பம் முள்ளங்கி மாதிரி வந்தது. மற்றவையும் வந்தன. ஆம்புலன்ஸ் பின்பக்கமாகவே என் வாசல்வரை வந்து என் மகளை ஏற்றிக்கொண்டது. பேத்தி பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் தெருவாய் திறந்து கிடப்பதைப் பார்த்துத் தண்ணி லாரி பழையபடி உள்ளே வந்தது. மேடைக்கு நேராகப் போய் நின்றது.

கம்பெனியில் என்கூடத் தைக்கிறவர்கள் கேட்கிறார்கள், உங்க ஏரியா சூப்பரா ஆயிடுச்சாமே என்று. சுவர்ப் படத்தைப் போனில் பார்த்திருக்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்று வந்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்யாததால் என் மகள் பிழைத்தாள் என்பதை எப்படி விளக்குவது?

பேத்தியைப் பார்க்கச் சம்பந்தி வந்திருந்த அன்று, கம்பத்தை மறுபடி நட ஒரு கொத்தனாரும் சித்தாளும் வந்தார்கள். ஜல்லி, மணல், மூட்டை மூட்டையாகச் சிமென்ட். சம்பந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொத்தனார் எதிரே போய் நின்றார்.

“முன்ன போட்டாங்களே, அதே மாதிரி போடுங்க” என்றார்.

“இந்த தபா ஸ்ட்ராங்கா போடச் சொல்லிக் கீறாங்கம்மா. ஆட்டுனாலும் அசையாது. உங்க நல்லதுக்குத்தான்.”

“வேணாம்பா,” என்றேன் நான். “இன்னும் ரெண்டு புள்ளத்தாச்சிங்க கீறாங்க இந்தத் தெருவுல.”

கொத்தனார் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தெருக்கோடிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சித்தாளைக் கூப்பிட்டு, கலவையில் இன்னும் நாலு சட்டி மணல் அள்ளிப் போடச் சொன்னார்.