சாரலுக்கு ஒட்டிய டேப்

எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் பழுப்பு டேப்பின் பசை இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது. எத்தனை துடைத்தும் போகவில்லை. மகளின் கல்லூரிப் படிப்புக்காக என் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து எங்கள் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பூட்டிக் கொடுத்த பெட்டி அது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில் எங்கள் வீடு. ஆனியில் சாரல் தொடங்கினால் ஜன்னல் வழியாகத் தூறல் உள்ளே வரும், தீப்பெட்டிகூட நமத்துப்போகும். பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிடக் கூடாதே என்று, பின்னால் இருந்த ஓட்டைகளை எல்லாம் டேப் வைத்து அடைத்தேன். அந்த வாரமே கோளாறு ஆரம்பித்தது. மகள் அரைமணி நேரம் எழுதியிருப்பாள், பட்டென்று அணைந்துவிடும். தொட்டால் சுடும். ஊரே குளிர்ந்து கிடக்கையில் இது மட்டும் ஏன் சுட வேண்டும்? பழைய சாமானைத் துடைத்து மாட்டிவிட்டான் என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது.

அவனை வரச் சொன்னேன். தூறலுக்குப் பயந்தேன் என்று கேலி செய்வானே என்று, வருமுன் டேப்பை உரித்துவிட்டேன். அவன் முன்னால் இரண்டு மணி நேரம் நன்றாகவே ஓடியது.

"துணி கிணி போட்டு மூடுதியளா அத்தான்?"

"துணியெல்லாம் போடல."

அவன் போனதும் புது டேப் ஒட்டினேன். மறுபடியும் அணைந்தது. நம் கண்முன் ஏதோ வித்தை காட்டிவிட்டுப் போகிறான் என்று சந்தேகம் இன்னும் முற்றியது. அவனைக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். "எந்தம்பியவா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. காசி விசுவநாதர் சன்னதிக்கு வெளியே, "பழசு ஒண்ணும் போடல" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அக்காவிடம் போனில்கூடப் பேசவில்லை.

சரஸ்வதி பூஜைக்குப் பெட்டியைத் துடைக்கும்போது டேப்பை உரித்தேன். சாரல் ஓய்ந்திருந்ததால் திரும்ப ஒட்டவில்லை. ஒரு வாரம் ஒரு தடவைகூட அணையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும் மறுபடி ஒட்டிப் பார்த்தேன். அரைமணியில் அணைந்தது. சாமி முன்னால் நிற்கவே கூசியது.

அன்றே அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா யாரு ஓடுவா அத்தான்?" என்று சிரித்தான். மறுநாளே வந்து அக்கா கையால் சாப்பிட்டான்.

இப்போதும் தூசி தட்ட அவன்தான் வருகிறான். ஆனால் மூடியைக் கழற்றும் முன், "அத்தான், இங்கன நின்னு பாத்துக்கிடுங்க" என்று கூப்பிடுவான். கழற்றுகிற ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் திரும்ப மாட்டுவான். வேண்டாமப்பா என்றாலும் விடுவதில்லை. கேலிக்குச் செய்கிறானா, மனசில் வைத்துக்கொண்டு செய்கிறானா என்று அவன் முகத்தையே பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது. போய்ப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.